மனிதப் பயன்பாடு: இல்லை

ஜூன் 9, 2025. திங்கள்
பஞ்சாயத்து ஆபீசில் பல்லுயிர்க் குழுக் கூட்டம். ஏழு பேரில் காலனியிலிருந்து நான் ஒருத்திதான். செயலாளர் என்று பேர் போட்டு நாற்காலியும் கொடுத்திருக்கிறார்கள். தலைவர் சீனுவாசன் சார் ரிடையர்ட் வாத்தியார், நல்ல மனுஷர்தான். சங்கராபரணிக் கரையில் இருபத்திரண்டு ஏக்கர் புறம்போக்கு. அதில் சவுடு மண் அள்ள ஒரு கம்பெனி மனு போட்டிருக்கிறது. அதற்குள் அந்த இடத்தைப் பாதுகாக்கச் சொல்லி நம் மனு விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போயாக வேண்டும்.

நரி, உடும்பு, வக்காக் கொக்கு, ஆந்தை எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் பேய்க்காடு என்பார்கள். பயத்தில் ஒரு நொச்சிக் குச்சியைக்கூட ஒடித்ததில்லை. ஏன் பேய்க்காடு? எங்கள் காலனியின் கல்லறைமேடு அதற்குள் இருக்கிறது. கூட்டத்தில் அதை யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

ஜூன் 12
படிவம் நிரப்பினேன். பதினாலாவது கேள்வி — மனிதப் பயன்பாடு. பறவைக் கணக்கெடுக்கப் பாண்டியிலிருந்து வந்த அஸ்வினி, “ஆள் நடமாட்டம் இல்லன்னா ஜல்தியா முடியும்க்கா” என்றாள். பாவம், அவளுக்கு மேட்டைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும்.

“இல்லை” என்று எழுதினேன்.

அவசரம் மட்டுமா? பொய் சொல்லாதே செல்வி. வெட்கம். முதல்முறையாக அவர்களோடு சமமாக உட்கார்ந்திருக்கிறேன், அங்கே போய் எங்கள் பிணத்தைப் பற்றிப் பேச நாக்கு வரவில்லை. பிறகு திருத்திக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 21
உத்தரவு வந்துவிட்டது! மண் கம்பெனி மனு தள்ளுபடி. மாமனார் இன்று டயாலிசிஸ் முடிந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், படுத்தபடியே, “நரி மொகத்துல முழிச்சிக்கினு போயிருக்கா எம் மருமவ” என்றார். சிரித்தால் அவருக்கு இருமல் வருகிறது. ஆனாலும் சிரித்தார்.

செப்டம்பர் 3
கம்பிவேலி, இரும்பு கேட், பூட்டு. போர்டும் வைத்தார்கள். அனுமதியின்றி நுழையக் கூடாது. தோண்டக் கூடாது. தீ மூட்டக் கூடாது.

இரண்டாவது வரியை மூன்று தடவை படித்தேன். நாளைக்கு சீனுவாசன் சாரிடம் சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் 4
சொல்லவில்லை.

அக்டோபர் 11
மாமா போய்விட்டார். நேற்று சாயங்காலம், முண்டியம்பாக்கத்தில்.

இன்று சவுரிராயன் என்று பேர் எழுதிய பெட்டியோடு கேட் வரைக்கும் போய்விட்டோம். பூட்டு. சீனுவாசன் சார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். “நீதானேம்மா இல்லன்னு எழுதின? ஒங்களுக்கு வேற எடம் குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். இப்ப ஒரு குழி விழுந்தாலும் உத்தரவு கேன்சல் ஆயிடும்.” ரோட்டோரம் கம்பெனி ஆள் ஒருத்தன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அஞ்சம்மாக்கா மட்டும்தான் வாய் திறந்தது. “பொணத்த வெச்சிக்கினு பூட்டு முன்னாடி நிக்க வெச்சிட்டியே செல்வி. ஊர்க்காரங்ககூட இதச் செஞ்சதில்லியே.”

என் வீட்டுக்காரர் தேவா திட்டியிருக்கலாம், நான்கு அறை விட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன். “தொறக்க வேணாம் சார்” என்றார், அவ்வளவுதான். கிளியனூரில் அவர் அத்தை ஊர்க் கல்லறையில் ஃபாதரிடம் கேட்டு இடம் வாங்கினார். வேனில் கொண்டுபோனோம். மாமாவுக்கு அந்த ஊரில் தங்கச்சியைத் தவிர யாரைத் தெரியும்?

என்னால்தானே. என்னாலதான்.

அக்டோபர் 14
தேவா என்னோடு பேசுகிறார். சாப்பாடு போடு, மோட்டாரை நிறுத்து. அந்த மாதிரிப் பேச்சு.

நவம்பர் 2
கல்லறைத் திருநாள். தேவா மாலையும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு கிளியனூர் போய்விட்டார். “வர்றியா?” என்று கேட்கவில்லை.

காலனி ஆட்கள் வேலிக்கு வெளியே ரோட்டிலேயே மெழுகுவத்தி ஏற்றினார்கள். யாருடைய கல்லறை எந்தப் பக்கம் என்று கம்பி வழியாகக் கைகாட்டி, அந்தத் திசையைப் பார்த்து ஜெபம் பண்ணினார்கள். லாரி போகும்போதெல்லாம் அணைந்தது. திரும்ப ஏற்றினார்கள்.

உள்ளே வக்கா கத்தியது. முதல்முறையாக அந்தச் சத்தத்தின் மேல் எரிச்சல் வந்தது. அது என்ன பண்ணும்?

நவம்பர் 10
விழுப்புரம் போய்த் திருத்த மனு கொடுத்துவிட்டேன். “தெரிஞ்சே தப்பா எழுதினீங்களா?” என்றார் அதிகாரி. ஆமாம் சார் என்றேன். மறு விசாரணை முடியும்வரை உத்தரவு நிறுத்திவைப்பு. கம்பெனியும் திரும்ப மனு போடலாமாம்.

சீனுவாசன் சார் போனில், “அஞ்சு மாசப் பாடும்மா” என்றார். உடனே வைத்துவிட்டார். நரிக்கும் துரோகம், மனுஷருக்கும் துரோகம். இரண்டு பக்கமும் நான்தான்.

நவம்பர் 24. திங்கள்
விசாரணைக்குப் புதைத்தவர்களின் பட்டியல் கேட்டிருக்கிறார்கள், இடத்தோடு. சாவி வாங்கி உள்ளே போனோம். நான், அஞ்சம்மாக்கா, தேவா. அவராகத்தான் வந்தார்.

அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். சிலதுக்குச் சிலுவை, சிலதுக்குக் கல், சிலது வெறும் மேடு. “இது பெரியதம்பி பொண்டாட்டி. பேரு யாருக்குத் தெரியும்?” அப்படியே எழுதினேன். வெள்ளத்தில் கரைந்துபோனதையெல்லாம்கூட அக்கா காலால் தடவிக் கண்டுபிடித்தது. அறுபத்து மூன்று பேர்.

எழுதிக்கொண்டே வந்த கை, அறுபத்து நாலு என்று போட்டு, சவுரிராயன் என்று எழுதிவிட்டது. தேவா எட்டிப் பார்த்தார்.

“அப்பா இங்க இல்லியே செல்வி.”

அந்தப் பேரை அடித்தேன்.