சிஐடிக்கு நீ காட்டிய சமாதி

என் செல்ல அக்காவுக்கு,

கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் முதல் வார்த்தை செல்லமாகவே வருகிறது, என்ன செய்ய?

உன் முதல் வருஷத் தெவசம் நேற்று முடிந்தது. உன் பெண் கவிதா தானே பூ கட்டி உன் படத்துக்குப் போட்டாள். வடையில் உப்பு கொஞ்சம் ஜாஸ்தி, நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாய். எல்லோரும் கிளம்பிய பிறகு, வேங்கிக்காலில் உன் வீட்டுக்கு வந்தால் எப்போதும் செய்வது போல, பின்பக்க முருங்கை மரத்தடியில் நம் நாய்க்கும் ரெண்டு பூ வைத்தேன். அங்கே எதற்கு என்று மாமா கேட்டார். சிஐடியைப் புதைத்த இடமாச்சே என்றேன். அவர் முழித்தார்.

“அதை எங்கம்மா பொதைச்சோம்? கீழ்பென்னாத்தூர் சந்தையாண்ட இல்ல வுட்டுட்டு வந்தோம். உங்கக்காதான் வேன்ல தூக்கி ஏத்தினா.”

அப்படியே உட்கார்ந்துவிட்டேன் அக்கா. இத்தனை வருஷம் வெறும் மண்ணுக்கா பூ வைத்தேன்? தூக்கத்திலேயே போய்விட்டது என்று என் தோளில் சாய்ந்து அழுதாயே, அது யாருக்காக?

சிஐடி என்று பேர் வைத்ததே நீ. பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் சொந்தக்காரர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர்கள் பைக்குள் மூக்கை விட்டிருக்கும். வயதானதும் அந்த ஆசைதான் முதலில் போனது. கருவாட்டுப் பை வந்தாலும் திரும்பிப் பார்க்காது. கதவு திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டு கீல் பக்கம் போய் நின்று காத்திருக்கும். மற்ற நேரமெல்லாம் கூடத்தில் சுற்றிச் சுற்றி வரும்.

மனுஷருக்கு வருகிற மறதிதான் இதற்கும் வந்திருக்கிறது என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர். சாமான்களை இடம் மாற்றாதீர்கள், பழந்துணியில் பிஸ்கட்டைச் சுருட்டித் தேட விடுங்கள், தேடுகிற ஆசை விட்டுப்போகக் கூடாது என்றார். உன் வீட்டை விட்டுச் சென்னைக்கு வேலைக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் உன்னிடம் சொன்னேன். நான் பார்த்துக்கறேன் போடி என்றாய். நம்பித்தானே போனேன்?

மிச்சத்தையும் மாமாவே சொன்னார். அப்போது கைக்குழந்தை கவிதாவுக்கு விடாத காய்ச்சலாம். உன் மாமியார் நாயைப் பார்த்து, “இது இடமா சுத்துது, வூட்டுக்கு ஆகாது” என்று சொன்னாராம். மலையை வலமாகவே சுற்றும் ஊர் என்றால் புத்தி தடுமாறிய நாயும் வலமாகவா சுற்றும்? படித்தவள் நீ. டாக்டர் சொன்னதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடிபட்டுப் போய்விட்டதா?

பிள்ளைக்காகப் பயந்தாய், அது புரிகிறது. ஒரு போன் பண்ணியிருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே வந்து தூக்கிக்கொண்டு போயிருப்பேனே. சொந்த வீட்டுக் கதவே தெரியாத நாயைச் சந்தைக் கூட்டத்தில் விட உனக்கு எப்படி மனசு வந்தது? வேனுக்குப் பின்னால் ஓடி வந்ததா, இல்லை வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றதா? மாமாவுக்கு ஞாபகமில்லையாம். இனி நான் யாரைக் கேட்பது?

விட்டுவிட்டு வந்ததைக்கூட ஒருநாள் ஆறப் போட்டுவிடுவேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு சமாதியைக் காட்டினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒன்று மட்டும் சத்தியம். தன் காய்ச்சலுக்காகத்தான் அதைத் துரத்தினார்கள் என்று கவிதாவுக்கு ஒருநாளும் தெரிய விடமாட்டேன். அது அவளுக்காக, உனக்காக இல்லை. ஒவ்வொரு தெவசத்துக்கும் வருவேன், உனக்குப் படைப்பேன். மன்னித்துவிட்டேன் என்ற வார்த்தையை மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதே.

உன்னை நம்பிய தங்கச்சி,
சுமதி