நீ குறைத்துத் தைத்த மெத்தை

என் பாக்கியம் அக்காவுக்கு, ஒரே போர்வைக்காக என்னோடு மல்லுக்கு நின்றவளுக்கு,

நீ போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. இத்தனை நாள் எழுதாதவள் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பயம், அக்கா. எனக்கு ஏழு மாதம். நீ வசந்தாவைப் பெற்றுவிட்டு ஜுரத்தில் கிடந்த அதே கிழக்கு அறையில், அதே ஜன்னலடியில், எனக்கும் இடம் ஒழித்துவைத்திருந்தார்கள்.

நீ இதைப் படிக்கப் போவதில்லை. வேறு நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும், எனக்கென்ன வெட்கம்? பல்லிக்குப் பயந்து, ரயில் ஊதினால் பயந்து, அல்சூர் ஏரியில் கால் நனைக்கப் பயந்து வளர்ந்தவள்தானே நான். பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்ததே நீதான்.

முதலில் சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் வசந்தா வாயாடியாகிவிட்டாள். என்னை அம்மா என்கிறாள், உன் போட்டோவைப் பார்த்துப் பாக்கியம்மா என்கிறாள். நீ போன மறு வருஷம் சின்னம்மா முன்நின்று எனக்கும் மாமாவுக்கும் முடித்துவைத்தாள். குழந்தையை வேறு யார் பார்ப்பார்கள் என்று ஒரே பேச்சு. உன் புருஷனாக இருந்தபோதும் மாமா, என் புருஷனான பிறகும் மாமா, கூப்பிடுகிற வாய்க்கு வேலை மிச்சம். நீ கோபித்துக்கொண்டாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கொஞ்சம் பொறு அக்கா. மற்றவர்களுக்கு இந்த வீட்டைச் சொல்ல வேண்டும். வைட்ஃபீல்டு ஸ்டேஷனில் இறங்கி, ஜட்கா வண்டியில் முதுகு வலிக்க வந்தால், மேட்டின் மேல் ஒற்றையாக நிற்கும் பங்களா இது. மாமா இங்கே பட்லர். துரை குடும்பம் சுதந்திரத்துக்குப் பிறகு சீமைக்குப் போய்விட்டது. டவுன் முதலாளி ஒருவர் வீட்டை வாங்கி, மாமாவையே காவலுக்கும் வைத்துக்கொண்டார். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கோழி தின்றுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் இத்தனை பெரிய வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

பங்களா வருவதற்கு முன் இந்த மேட்டில் ஒரு கன்னட மடம் இருந்திருக்கிறது. சாமியார்கள் போய், மடம் பாழடைந்து கிடந்த காலத்தில், துரையின் தாத்தா நிலத்தோடு கல்லையும் சேர்த்து வாங்கினாராம். சாமியார்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்ட மண்டபத்துத் தூண்கள்தான் முன்பக்க வராந்தா. துரைக்கு அந்த உயரம் போதவில்லை. ஒவ்வொரு தூணுக்கும் கீழே செங்கல் மேடை கட்டி ஏற்றிவிட்டார். பூட்ஸ் போட்ட சாமியார்கள் என்று நீ சொல்லிச் சிரிப்பாய்.

மடத்துச் சமையல்கட்டு குதிரை லாயமாகி, பிறகு மோட்டார் ஷெட் ஆனது. மௌனமாக உட்கார்வதற்காகத் தரைக்கு அடியில் குடைந்திருந்த அறையில் துரை பிராந்திப் புட்டிகளை அடுக்கினார். குனிந்துதான் நுழைய வேண்டும் என்று தாழ்வாக வைத்திருந்த கல் நிலையில் அவர் நெற்றியை இடித்துக்கொண்டு, நிலையை உயர்த்த முடியாமல், தரையை வெட்டி இறக்கினார். அதனால்தான் கூடத்திலிருந்து கிழக்கு அறைக்கு இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. கல் சுவருக்கு மேல் செங்கல், அதற்கு மேல் மங்களூர் ஓடு. மழைக்காலத்தில் கல் ஈரம் குடித்துக்கொண்டு, ராப்பகல் என்று பார்க்காமல் எங்கேயோ டொக் டொக் என்று சத்தம் போடும். கல்லும் செங்கல்லும் ஒத்துப்போகவில்லை என்று மாமா சொல்வார். நான் அப்படி நினைக்கவில்லை. யாரோ நடக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

இப்போது அந்த ஜன்னல் மேடைக்கு வருகிறேன். உனக்கு நினைவிருக்கும். கிழக்கு ஜன்னலுக்குக் கீழே, சுவரை ஒட்டி, முழங்கால் உயரம். துரைசானி அதன்மேல் மெத்தை போட்டு உட்கார்ந்து புத்தகம் படிப்பாளாம். நீ கல்யாணமாகி வர, நானும் உன்னோடு ஒட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பால்காரி கௌரம்மா அதைக் "கத்திகே ரூம்" என்பாள். நமக்கு அது என்ன புதிதா? அல்சூரில் உருது பேசும் பாயின் மெத்தைக் கடைக்கு உறை தைத்துத்தானே அம்மா நம்மை வளர்த்தாள். பாய் வாயில் மெத்தைக்கும் திண்டுக்கும் கத்தி என்றுதான் பெயர். எழுதினால் வெட்டுகிற கத்தி மாதிரி இருக்கும், சொல்லும்போது மெத்தென்று சொல்ல வேண்டும். கத்திகே என்றால் கன்னடத்தில் மெத்தை போலிருக்கிறது என்று நானாக முடிவுகட்டிவிட்டேன். அப்படி நினைத்துத்தான் நீயும் பஞ்சு வாங்கி மெத்தை தைத்தாய் என்று இருந்தேன்.

அந்த மெத்தையை வைத்து உன்னை எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன்! மேடையின் ஒரு பக்கம் ஒரு முழத்துக்கு மேல் மூடாமல் வெறும் கல்லாகவே கிடந்தது. மெத்தை தைப்பவள் பெற்ற பெண்ணுக்கு அளவு தெரியவில்லையே என்றேன். நீ "துணி பத்தலடி" என்று சொல்லி ஊசியைத் தலையில் செருகிக்கொண்டாய். நீ போன பிறகு, பார்க்கவே குறையாக இருக்கிறதே என்று, நான் ஒரு துண்டு தைத்து ஒட்டி மேடை முழுவதையும் மூடிவிட்டேன். அதன்மேல்தான் நானும் வசந்தாவும் தூங்கினோம்.

போன மாதம் ஒரு காலை நல்ல மழை. கொல்லைப்பக்கம் தண்ணீர் தேங்கியதால் கௌரம்மா பால் செம்போடு வராந்தா வழியாக வந்தாள். ஜன்னலுக்குள் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே வசந்தா மெத்தைமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ தனம்மா, மகூன இறக்கு! அது கத்திகே அல்லவா!"

"கத்தின்னா உக்காரத்தானே கௌரம்மா?"

"கத்தி அல்லா, கத்திகே. சாமிகளு ஒளகே கூத்தித்தாரே."

சாமியார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் புரிகிற கன்னடம்தான், ஆனால் மனம் புரிந்துகொள்ள மறுத்தது. அவர்கள் வழக்கத்தில் சாமியாரைப் படுக்க வைத்துப் புதைப்பதில்லையாம். உட்கார வைத்து மூடி, மேலே கல் மேடை கட்டுவார்களாம். அதற்குப் பெயர்தான் கத்திகே. மடத்தைப் பிரித்தபோது அதை மட்டும் தொட மாட்டோம் என்று கூலியாட்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டார்களாம். துரை அலட்டிக்கொள்ளவில்லை. அதைச் சுற்றியே ஓர் அறையைக் கட்டி, ஜன்னலும் வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை, அக்கா. அறையில் எறும்பு என்று மாமாவிடம் பொய் சொல்லிவிட்டு, வசந்தாவைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டில் பாய் விரித்தேன். வயிற்றில் பிள்ளை புரண்டால்கூடத் திடுக்கென்றது. ஒரே ஒரு நினைப்புதான். தெரியாமல் சமாதிமேல் படுத்தாய், போய்விட்டாய். நானும் தெரியாமல் படுத்தேன். அடுத்தது நான்தானே? இல்லை, என் வயிற்றில் இருப்பதா? வசந்தாவா?

மாமாவிடம் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி என்று பேச்செடுத்தேன். அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் எதற்கெடுத்தாலும் உன்னை இழுப்பார்.

"உங்க அக்கா இருந்தாளே, வாயத் தொறந்து ஒரு வார்த்தை பயம்னு சொன்னாளா? நீ இன்னாடான்னா பூனை குதிச்சாலே கத்துறே. மருத்துவச்சி வருவா, எல்லாம் இங்கயே ஆவும்."

தாங்க முடியாமல் ஒரு நாள் கௌரம்மாவைக் கொல்லையில் மடக்கிக் கேட்டுவிட்டேன். "எங்க அக்கா தெரியாமதானே படுத்துச்சு? அதுக்கா சாமி கொண்டுபோயிடுச்சு?"

அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெரியாமன்னு யாரு ஹேளித்து? உங்க அக்காகே எல்லா கொத்து, எல்லாம் தெரியும். கேட்டாங்களே! எது சாமிது, எது தொரைசானி சேர்த்துக் கட்டினதுன்னு கேட்டாங்க. நான் வெரல் வெச்சு காமிச்சேன். இந்தக் கல்லு வரைக்கும் சாமிகளு, அப்புறம் நீளத்துக்கும் செங்கல்லு, சுண்ணாம்பு. அவங்க கயிறு வெச்சு அளந்துக்கிட்டாங்க."

அளந்துகொண்டாயா அக்கா! துணி போதாமல் இல்லை, நீ அளவு தப்பவும் இல்லை. நீ தைத்தது செங்கல் வரைக்கும்தான்.

"சாமி மேல இல்ல கௌரம்மா, பக்கத்துல படுத்துக்கறேன், தப்பான்னு கேட்டாங்க. ஏன்மா, ஊர்பட்ட எடம் இருக்கேன்னேன். ‘பய ஆகுத்தே கௌரம்மா’ன்னு அழுதாங்க. தினா ஒரு பூ வெப்பாங்க. உங்க கிட்ட ஹேளலையா?"

பய ஆகுத்தே. பயமாக இருக்கிறது. வீட்டில் எங்கள் யாரிடமும் தமிழில் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தையை, நீ பால்காரியிடம் கன்னடத்தில் சொல்லி அழுதிருக்கிறாய். நான் கொல்லைக் கல்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மழையில் நனைந்துவிட்டேன் என்று கௌரம்மா என்னைத் திட்டினாள்.

ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை? நான் உன்னைவிடப் பயந்துபோவேன் என்றா? பயந்தாங்கொள்ளி என்று எனக்கு வைத்த பெயரை நீயே எடுத்துக்கொள்ள வெட்கமா? என்னைக் கேலி செய்யும்போதெல்லாம் உன் நெஞ்சு என்ன பாடுபட்டதோ.

இப்போது ஒன்று எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் உன்னைக் கொல்லவில்லை. அவர் பக்கத்தில் கொஞ்சம் தைரியத்துக்காகப் படுத்திருந்தாய், அவ்வளவுதான். உனக்கு ஜுரம் வந்தபோது, பாக்கியம் பயப்பட மாட்டாள், தாங்கிக்கொள்வாள் என்று எல்லோரும் இருந்துவிட்டோம். நீ ஒரு கத்துக் கத்தியிருந்தால் மாமா வண்டி பூட்டியிருப்பார். அழாதவளுக்கு என்ன அவசரம் என்று கஷாயம் வைத்துக்கொண்டிருந்தோம். இந்த வீட்டில் டொக் டொக் என்கிற கல்லைவிட அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

அன்றே மாமாவிடம் போனேன். முதலாளியின் மேஜைத்துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கௌரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டு, "எனக்கும் பயமா இருக்கு மாமா. ரொம்ப பயமா இருக்கு. நான் ஆஸ்பத்திரிலதான் பெத்துக்குவேன்" என்றேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ரொம்ப நேரம் துணியையே தடவிக்கொண்டிருந்தார்.

"அவ என்கிட்ட சொல்லவேயில்லையே, தனம்."

 பிறகு அவராகவே, "நானும் கேக்கலையே" என்றார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை ரயிலுக்கே கிளம்பலாம். சின்னம்மா வீட்ல இருந்தா ஆஸ்பத்திரி பக்கம். மொதலாளி இன்னா சொன்னாலும் சரி" என்றார். மூன்று வருஷத்தில் உன்னை நினைத்து அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் ஒட்டுப் போட்ட துண்டைப் பிரித்து எடுத்துவிட்டேன். உன் தையல் எவ்வளவு நெருக்கம்! என் தையல்தான் இழுத்ததும் வந்துவிட்டது. கல்லைத் துடைத்து, மல்லி இல்லாததால் துரைசானியின் ரோஜாவில் ஒன்றைப் பறித்து வைத்தேன். மெத்தை ஏன் சின்னதாகிவிட்டது என்று வசந்தா கேட்டாள். உள்ளே ஒரு தாத்தா உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு இடம் விட வேண்டும் என்றேன். "தனியா இருக்க அவருக்கு பயமா இருக்காதா?" என்று கேட்டாள். 

நாளை திங்கட்கிழமை. பெட்டி கட்டியாகிவிட்டது. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், அக்கா. இதை எழுதும்போதும் உள்ளங்கை வேர்த்து மை கலைகிறது. நான் திரும்பி இந்தப் படி இறங்குவேனா என்று தெரியாது. ஆனால் போகிற வழியெல்லாம் பயமாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று மாமா காது புளிக்கிற வரை சொல்லிக்கொண்டே போவேன். ஆஸ்பத்திரி நர்ஸிடமும் சொல்வேன்.

பிழைத்து வந்தால் உனக்கு ஒன்று செய்கிறேன். உன் மகளிடம் உன் அம்மா தைரியசாலி என்று சொல்லி வளர்க்க மாட்டேன். உன் அம்மாவுக்கு ரொம்பப் பயமாக இருந்தது, அவள் பக்கத்தில் படுக்க நாங்கள் யாரும் போகவில்லை என்று உள்ளதைச் சொல்வேன். பயம் வந்தால் வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு, நம் தமிழிலேயே, சத்தமாகச் சொல்ல அவளுக்குக் கற்றுத்தருவேன்.

நீ பெயர் வைத்த பயந்தாங்கொள்ளி,
இப்போதும் உன் தங்கைதான்,
தனம்