லெட்டிஸின் கடைசி வார்த்தைகள்

இஸ்லிங்டன், லண்டன்
1868 மார்ச் 9

என் அருமைத் தங்கை கெசியாவுக்கு,

அக்கா தபித்தா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரர் சாமுவேலும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். நீ கடிதம் போட்டு ஆறு வாரம் ஆகிறது, நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி ஏது?

இத்துடன் என் பத்தாவது புத்தகம் வருகிறது. பதிப்பாளர் கிரேக்கைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். "குழந்தை ஒண்ணு சாகணும், மிஸ் ஓர்ம். அப்பத்தான் ஞாயிறு பள்ளிக்காரங்க பரிசு கொடுக்க வாங்குவாங்க" என்பார், சமையல்காரியிடம் ரொட்டிக்குச் சொல்வது போல. அவர் பேச்சைக் கேட்டு ஒன்பது புத்தகங்களில் ஒன்பது பிள்ளைகளைச் சாகடித்துவிட்டேன். எல்லாம் கற்பனை.

இந்த முறை கற்பனை செய்யவில்லை. உன் மகளின் அடக்கத்துக்கு வர முடியாமல் போன எனக்கு, கறுப்புக் கரை போட்ட துக்கத் தாளில் நீ எழுதி அனுப்பினாயே, அதை வைத்து எழுதினேன். "அழாதே அம்மா, கதவு திறந்திருக்கு, உள்ளே ஒரே வெளிச்சம்" என்று நம் லெட்டிஸ் சிரித்துக்கொண்டே சொன்னதை, கதையில் வரும் ஏமி சொல்கிறாள். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில் கேட்கவில்லை. திட்டுவதானால் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் பாசமுள்ள அக்கா,
தபித்தா ஓர்ம்

லௌத், லிங்கன்ஷயர்
மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகம் வந்து சேர்ந்தது. சாமுவேல் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு அழுதார். சேணம் தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் எல்லாம், "இந்த ஏமி எங்க லெட்டிஸ்தான்" என்று காட்டிக்கொண்டிருக்கிறார். நான் அந்த அத்தியாயம் வரைக்கும் வாசித்தேன். அதற்குள் துணி துவைக்கும் நாள் வந்துவிட்டது.

உன் இருமலுக்கு மார்பில் கம்பளி சுற்றிக்கொள்.

இப்படிக்கு,
கெசியா

லௌத்
ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போட்ட இரண்டு கடிதத்துக்கும் நான் பதில் எழுதவில்லை. இன்றைக்கு எழுதாமல் முடியாது.

அடுத்த வீட்டில் பீப்பாய் செய்கிறவரின் மகள் ஃபீபிக்குப் பதினொரு வயது. நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். ஞாயிறு பள்ளியில் அவளுக்கு உன் புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் அந்த ஒரு அத்தியாயத்தையே வாசிக்கிறாளாம். நேற்று அவள் அம்மா ஹன்னா என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். "கெசியா, உன் பொண்ணு எப்படித்தான் அவ்வளவு தைரியமா போனா? எங்க ஃபீபி நடுங்கிக்கிட்டே கெடக்கா. 'ஏமி சிரிச்சாளே, எனக்கு ஏம்மா சிரிப்பு வரல? ஆண்டவருக்கு என்னைப் பிடிக்கலையா?'ங்கறா. நான் என்னத்தச் சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

லெட்டிஸ் சிரிக்கவில்லை, அக்கா. "பயமா இருக்கும்மா, என்னை விட்டுடாதே, விட்டுடாதே" என்று என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். கீழே போதகரும் சபைப் பெண்களும், சாகிறவர் விசுவாசத்தோடு சொல்லும் கடைசி வார்த்தையைக் கேட்க உட்கார்ந்திருந்தார்கள், நம் வழக்கம் உனக்குத் தெரியாதா? நானோ மூன்று நாளாகக் கண் மூடவில்லை. "வாயை மூடு. கிறிஸ்தவப் பிள்ளை இப்படியா கத்தும்? கீழ ஆள் இருக்காங்க" என்று அதட்டினேன். உடனே அடங்கிவிட்டாள். நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அப்படியே போய்விட்டாள். நான் கீழே இறங்கினதும், "கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். சாமுவேலிடமும் அதையே சொன்னேன், உனக்கும் அதையே எழுதினேன்.

அடுத்த அச்சில் அந்த அத்தியாயத்தை மாற்றிவிடு. அதற்கு முன்னால் ஃபீபிக்கு ஒரு வரி எழுது, பயப்படுவது பாவமில்லை என்று. புத்தகம் எழுதியவளே சொன்னால் நம்புவாள். வைத்தியர் பத்து நாள் என்கிறார்.

கெசியா

இஸ்லிங்டன்
ஜூன் 19

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு எதுவுமே ஓடவில்லை. பெற்றவள் எழுதியதை நம்பினேன், அது என் குற்றமா? அந்த அத்தியாயத்தை வாசித்து ஆறுதல் அடைந்ததாக எத்தனை தாய்மார்கள் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? அவர்களிடம் போய் எல்லாம் பொய் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? கிரேக்கிடம் கேட்டும் பார்த்தேன். "பயந்து சாகிற குழந்தையை யாரு பரிசா கொடுப்பாங்க?" என்று சிரித்தார்.

ஃபீபிக்கு எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். நான்கு முறையும் அழகான வாக்கியங்களாகவே வந்தன, கிழித்துப் போட்டுவிட்டேன். நீயே பக்கத்தில் இருக்கிறாய், ஏதாவது சொல்லித் தேற்று.

அன்புடன்,
தபித்தா

லௌத்
ஜூன் 24

அக்கா,

ஃபீபி திங்கட்கிழமை மத்தியானம் இறந்துவிட்டாள்.

உன் கடிதத்துக்காக ஏழு நாள் காத்திருந்தேன். அதற்கு மேல் பொறுக்கவில்லை, வியாழக்கிழமை நானே போனேன். ஏமி என்பது என் லெட்டிஸ்தான், அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்று ஃபீபியிடம் சொன்னேன். "அப்புறம் நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். அதையும் சொன்னேன். "பாவம் அவ" என்றாள். ஊரில் ஒருவர்கூட என் மகளை அப்படிச் சொன்னதில்லை. கொடுத்து வைத்தவள் என்றுதான் சொல்வார்கள்.

பிறகு ஃபீபி வாய்விட்டு அழுதாள். அடுத்த மூன்று நாளும் பயம் வந்தபோதெல்லாம் அழுதாள். நானும் ஹன்னாவும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தோம். கடைசிவரைக்கும் பயந்துகொண்டேதான் இருந்தாள். ஆனால் ஒருவரும் அவளை அதட்டவில்லை.

சாமுவேலிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக அவர் என்னோடு பேசவில்லை.

உன் மேல் கோபமில்லை, பொய்யைத் தொடங்கி வைத்தவள் நான்தான். ஆனால் என் மகளைப் பற்றி இனி ஒரு வரியும் எழுதாதே. எனக்குப் புத்தகமும் அனுப்பாதே.

கெசியா

இஸ்லிங்டன்
ஜூலை 2

கெசியா,

புத்தகம் அனுப்ப மாட்டேன், அனுப்புவதற்கு இனி ஒன்றும் இருக்காது. அந்த அத்தியாயத்தை எடுக்காவிட்டால் அடுத்தது எழுத மாட்டேன் என்றேன். எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார் கிரேக். அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்.

நீ உன் உண்மையைச் சொல்லிவிட்டாய், என்னுடையது இன்னும் என்னிடமே இருக்கிறது. சாகும் பிள்ளையின் பக்கத்தில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. லெட்டிஸுக்கு முடியவில்லை, உடனே கிளம்பி வா என்று நீ கொடுத்த தந்தி தாமதமாக வந்தது என்று எழுதினேன் அல்லவா? அது செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. அன்று என் ஒன்பதாவது புத்தகத்தில் குழந்தை சாகும் அத்தியாயத்தின் நடுவில் இருந்தேன். நன்றாக வந்துகொண்டிருந்தது. முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று தந்தியை மடித்து வைத்தேன். வியாழக்கிழமை அவள் போய்விட்டாள். அடக்கத்துக்கு வர எனக்கு முகமில்லை, காய்ச்சல் என்று பொய் எழுதினேன்.

அன்றே ரயில் ஏறியிருந்தால் சாயங்காலம் உன் வீட்டில் இருந்திருப்பேன். நீ கொஞ்சம் தூங்கியிருப்பாய். நீ தூங்கியிருந்தால் அவளை அதட்டியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

அதை நீ ஒருத்தியே சுமக்க வேண்டாம், கெசியா. அதில் பாதி என்னுடையது.

உன் அக்கா,
தபித்தா