சேலை காய ஆகும் நேரம்

வீரணன் அப்பாவுக்கு, வால்பாறையிலிருந்து அங்காளம்மாள் எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? போனில் பேசினால் எனக்கு மூச்சு வாங்குவதைக் கேட்டுப் பயந்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் எஸ்டேட் சமையல்கட்டில் இளைப்பு வந்து செத்த நேரம் உட்கார்ந்துவிட்டேன். ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்குச் சாயங்காலமே திரும்பி வந்து நான்தான் ரசம் வைத்தேன். டாக்டர் மட்டும், "பாட்டி, இந்த ஈரம் உங்களுக்கு ஆகாது, வறண்ட ஊருக்குப் போயிருங்க" என்றார்.

எங்கே போவது? இங்கே சேலை காய நாலு நாள். பேண்டேஜ் கம்பெனியில் நான் துணி காயப்போட்ட காலத்தில் நம் இராஜபாளையத்தில் ஒரு மணி நேரம். ஸ்ரீவில்லிபுத்தூர் இன்னும் வறட்சி என்பாள் தங்கச்சி பேச்சியம்மா. அம்மாவின் பதினாறாம் நாள் விருந்தில் எனக்கு மட்டும் இலை போடாதவள் வீட்டில் கால் வைக்க மாட்டேன். நம் வீட்டிலோ மகன் வீரணன் கட்டிவந்த மருமகள் முனீஸ்வரி. ஆறு வருஷத்துக்கு முன், ஆடி மூன்றாம் செவ்வாய், "அத்தை இருமினா பிள்ளை தூங்க மாட்டேங்கான்" என்றாள். அன்றைக்கே பஸ் ஏறினேன். இப்போது இங்கே இருக்கவும் ஏலவில்லை, அங்கே வரவும் வழியில்லை.

என் பழைய நீலச் சேலையை நனைத்து மாடிக் கொடியில் போட்டு, எம்புட்டு நேரத்தில் காய்ந்தது என்று எழுதுங்கள். உங்களால் மாடி ஏற முடியாது, முனீஸ்வரியே போடட்டும். நேரத்தையும் மருமகள் கையாலேயே எழுதட்டும். ஒரு நாள் ஆனது என்று எழுதினாலும் சரி, அவள் எழுத்தைப் பார்த்தால் பெட்டியைக் கட்டிவிடுவேன்.

உலை கொதிக்கிறது.

அங்காளம்மாள்