நேற்றைய பனி

அன்பு மாப்பிள்ளைக்கு,

குச்சி ஐஸைத் தவிர வேறு பனி பார்க்காத நான், திருப்பதியில் உட்கார்ந்து கப்பல்களின் கணினி வரைபடத்தில் கடற்பனியின் எல்லையைத் தினமும் வரைகிறேன் என்றதும் கப்பல்காரன் நீ எப்படிச் சிரித்தாய்! “நீ கோடு போடு மச்சான், நான் நம்பிக்கினு போறேன்” என்றாய்.

ஆண்கள் பெண் வேஷம் போடும் கங்கம்மா ஜாத்திரையன்று சேலை கட்டும் அவசரம் எனக்கு. முந்தைய நாள் கோட்டிலேயே அன்றைய தேதியைப் போட்டு அனுப்பிவிட்டேன். மூக்குத்தியோடு நான் ஆடியதை ஊரே ரசித்தது.

இரவிலேயே பனி நகர்ந்துவிட்டது தெரியாமல் அந்தக் கோட்டை ஒட்டிப் போன உன் கப்பலிலிருந்து ஒருவரும் திரும்பவில்லை.

“அண்ணா, அங்க ஐஸ் கரைஞ்சிதா?” என்று உனக்குக் கட்டிக்கொடுத்த என் தங்கை தினமும் கேட்கிறாள். “கரைஞ்சிடுச்சிம்மா” என்கிறேன்.

அவள் கனவில் நீ வருகிறாயாம். தேதி விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதே.

உன் மச்சான்