வாய் இல்லாத பம்பர்

யூலை 8, செவ்வாய்
கச்சான் காற்று. காலையில் கார் துடைத்தேன். பத்து மணிக்குக் கார் மேலெல்லாம் திரும்ப மணல்.

உடைந்த முன் பம்பருக்குப் பதில் வவுனியாக் கடையிலிருந்து பஸ்ஸில் ஒன்று வந்தது. நாலு கதவுக் கொறோலாவினுடையது. என்னுடையது இரண்டு கதவு லெவின். மூன்று முறை போனில் சொல்லி, படமும் அனுப்பினேன். கடைக்காரன்: "ரெண்டும் ஒரே வருசம்தானே அண்ணை, கொஞ்சம் தட்டிப் பூட்டுங்கோ." எங்கே தட்டுவது, அவன் தலையிலா. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியும் இதுதான் கிடைத்தது. பம்பர் இல்லாமல் இனித் தீவை விட்டுப் பாலம் தாண்ட விடமாட்டேன் என்று ட்ரபிக் பொலிஸ் சொல்லியாயிற்று.

என் மனைவி ஜெனி தவணை வைத்துவிட்டாள். வெள்ளிக்குள் கார் பாலம் தாண்டி முருங்கன் போய், வழியில் கொதித்து நிற்காமல் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் சனிக்கிழமை வருகிற யாழ்ப்பாணத்துக்காரனுக்கு எஞ்சின், மிச்சம் பழைய இரும்புக்கு. போன மாதம் கலியாண நாள் பூசைக்குப் போகையில் கூறைச் சேலையோடு கார் தள்ளினவள். ஓம் என்று சொல்லித் தொலைத்தேன்.

செய்ய:
தெர்மோஸ்டற் – வந்தது
ரேடியேற்றர் குழாய் – மாற்றியாயிற்று
பம்பர், பம்பர், பம்பர்

பின்னேரம் சவிரி மச்சான் வந்தார். ஜெனியின் தமையன், பேசாலையில் பைபர் படகு வார்க்கிறவர். "உடைஞ்சதைத் தாங்கோ. ஒட்டி வச்சு அச்செடுத்து, அசல் மாதிரி வார்த்துத் தாறன்."

யூலை 10, வியாழன்
ஐஸ் கொம்பனியில் அரை நாள் லீவு. பம்பர் வந்தது, இரண்டு பேர் தூக்கி. பழையதை நான் ஒரு கையால் தூக்குவேன். ஏழு படை பைபர் போட்டாராம்.

ஆணிகள் முதல் தரமே பொருந்தின. வடிவு. தள்ளி நின்று பார்த்தேன். நடுவில் காற்றுப் போகிற வாய் இல்லை. வழவழவென்று ஒரே சுவர்.

"மச்சான், இதில ஒரு பெரிய ஓட்டை இருந்ததல்லே?"

"ஓம், ரெண்டடிக்குப் பிளந்து கிடந்தது. வடிவா அடைச்சிட்டன். இனி ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது."

இருபது வருடமாக ஓட்டை அடைக்கிற மனிதர். அச்செடுக்கும்போது பக்கத்தில் நிற்காத என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

பம்பரை அறுக்க வாளை எடுத்தேன். ஜெனி என்னைக் குசினிக்குள் இழுத்தாள். "ரெண்டு நாள் சொந்த வேலையை விட்டிட்டுச் செய்தவர். நாளைக்கு முன் சீற்றில வாறதுக்குச் சேட்டும் மினுக்கி வச்சிருக்கிறார். வெட்டாதேங்கோ."

கீழால் வருகிற காற்றுப் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விசரன்.

யூலை 11, வெள்ளி
மச்சான் வெள்ளைச் சேட்டில். பொலிஸ்காரர் பம்பரைத் தட்டிப் பார்த்து சிங்களத்தில் "ஹொந்தாய்", நல்லாயிருக்கு, என்றார். மச்சானுக்கு முகமெல்லாம் பல்.

பாலத்தின் நடுவில் சூடு காட்டும் ஊசி சிவப்புக்குப் போனது. பொனற்றைத் திறந்தால் ஒரே ஆவி. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன். மற்றவர்கள் குப்பை என்ற காரைப் பன்னிரண்டு வருடம் துண்டு துண்டாகச் சேர்த்தவன் நான்.

"என்ன செய்யுது இதுக்கு?"

"மூச்சு எடுக்க ஏலாமல் நிக்குது, மச்சான். நீங்கள் அடைச்ச இடத்தாலதான் காத்துப் போறது."

கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நேற்றே சொல்லியிருக்கலாமே." பிறகு, "டிக்கியில வாள் கிடக்குதல்லே, தாங்கோ."

தானே வெட்டினார். முக்கால் மணி நேரம். வெள்ளைச் சேட் முழுக்கப் பைபர்த் தூள். வாய் இடது பக்கம் கோணல்.

நடுவில் ஜெனியின் போன். நான் எடுக்கவில்லை. மச்சான் பறித்து எடுத்தார். பொய் பேசி நான் கேட்டறியாத மனிதர்: "முருங்கனில நிக்கிறம் பிள்ளை. பிளேன்ரீ குடிக்கிறம். ஒரு பிரச்சினையும் இல்லை."

எஞ்சின் ஆறி, தண்ணீர் விட்டு, உண்மையாகவே முருங்கன் போய்ப் பிளேன்ரீ குடித்தோம். திரும்பி வரும்வரை ஊசி பாதியைத் தாண்டவில்லை. மச்சான் வழி முழுக்க ஊசியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

யூலை 12, சனி
காற்றுக் குறைவு. யாழ்ப்பாணத்துக்காரன் ஒன்பது மணிக்கே வந்துவிட்டான். நான் வாய் திறக்க முதல் ஜெனி: "கார் முருங்கன் போயிட்டு வந்திட்டுது தம்பி. விக்கேல்லை." தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

படலையைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தாள். "முருங்கனில எப்ப இருந்து கடல் காத்து? போனில அண்ணா கதைச்சது பாதி கேக்கேல்லை."

நான் துணியை எடுத்துப் பம்பரைத் துடைக்கத் தொடங்கினேன்.

"அந்த வாயையாவது நேரா வெட்டுங்கோ" என்றுவிட்டு உள்ளே போனாள்.