கரையை மூடுவித்தவனுக்கு

இன்று காலை மில்லில் மஞ்சள் அரைத்தோம். முதல் பிடி உள்ளே போய்ச் சூடேறும்போது ஒரு மணம் எழும்புமே, காரமும் மண்ணும் கலந்த மாதிரி, அது கடையைத் தாண்டி வீதிவரை போனது. நான் கல்லாவில் இருந்தபடி தும்மினேன். சாமான் வாங்க நின்ற பெண் தன்னை அறியாமலே ஓரடி பின்னுக்குப் போனாள். பிறகு அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. கொரோனாக் காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆட்களின் கால்களுக்கு இன்னும் முடியவில்லை. உன்னோடு கதைக்க வேண்டும் போல இருந்தது. கதைக்க வழியில்லை என்றபடியால் எழுதுகிறேன்.

நீ அந்த மஞ்சளோடு வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். நாட்டில் டொலர் இல்லை என்று வெளியிலிருந்து மஞ்சள் இறக்குவதைத் தடுத்திருந்தார்கள். அதே நேரம் கொரோனா. சனம் முற்றத்தில் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறது, பாலில் போட்டுக் குடிக்கிறது. கேட்காத ஆளில்லை, கொடுக்கச் சரக்கில்லை. கருவாடும் தூள் வகையும் விற்றுப் பிழைக்கிற என் கடையில் மஞ்சள் பெட்டி காய்ந்து கிடந்தது. நீ ஒரு சின்னச் சாக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாய். ஒரு கிழங்கை உடைத்து மூக்கில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, அக்கரைச் சரக்கு.

"எங்கையடா பிடிச்சனி?"

"மீன் பிடிக்கிறவனிட்டைக் கேக்கிற கேள்வியே? கடலிலைதான்."

இயந்திரம் பழுதாகி அலைந்துகொண்டிருந்த ஓர் இந்திய இழுவைப் படகுக்கு உன்னிடமிருந்த குடிதண்ணீரைக் கொடுத்திருக்கிறாய். அவர்கள் பதிலுக்குத் தந்தது இது. எனக்குக் கோபம் வந்தது. இழுவைப் படகுகள் உன் வலையை எத்தனை தரம் அறுத்துக்கொண்டு போயிருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

"வலையை அறுக்கிறவங்களுக்குத் தண்ணி குடுத்தனியோ? உனக்கென்ன விசரே?"

"அறுத்தவன் வேறை, மச்சான். இவங்கள் தாகத்திலை கிடந்தவங்கள்."

"அப்பிடியெண்டு நெத்தியிலை எழுதி ஒட்டியிருந்ததோ?"

சிரித்தாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒருத்தன் தறப்பாளுக்குக் கீழை நடுங்கிக்கொண்டு கிடந்தவன், இருமி இருமி" என்றாய். காதில் விழுந்தது. ஆனால் நான் அந்த நேரம் கிழங்கை நிறுத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் அகதி முகாமில் பழகினவர்கள். உங்கள் கரையை இராணுவம் வேலிக்குள் வைத்திருந்த காலம். கடலைப் பார்த்தே பிறந்தவன் நீ, தென்னோலைக் கொட்டிலுக்குள் கிடந்து, வேறு ஊர்க் கரையில் கூலிக்குத் தொழிலுக்குப் போனாய். கூலிக்குப் பதிலாக நீ கொண்டுவந்த கருவாட்டைச் சைக்கிளில் கட்டிக் கோப்பாய்ப் பக்கம் தோட்டக்காரரிடம் விற்றுத்தான் நான் ஆளானேன். அப்போதிருந்தே பகிடிக்கு என்னை 'முதலாளி' என்று கூப்பிடத் தொடங்கினாய். பிறகு நான் உண்மையாகவே முதலாளியானபோதும் நீ அதைப் பகிடியாகவே சொன்னாய். இராணுவம் கரையைத் திருப்பி விட்ட அன்று எல்லோரும் அழுதார்கள். நீ நேரே போய் மணலில் மூத்திரம் பெய்தாய். "என்ரை கரை, எங்கை நினைச்சாலும் பெய்வன்" என்றாய். அழுதவர்களும் சிரித்தார்கள்.

சாக்கைத் தந்துவிட்டுப் போய்ச் சில நாளில் தொலைபேசி எடுத்தாய்.

"முதலாளி, காய்ச்சல்."

"பனடோல் போடு."

"போட்டனான். விட்டிட்டுத் திரும்ப வருது. நான் வலைக்கொட்டிலுக்குள்ளை தனியக் கிடக்கிறன். பி.எச்.ஐ.க்குப் போன் அடிக்கப் போறன்."

கடையில் ஆட்கள் நின்றார்கள். நான் மில்லுக்குப் பின்னால் போனேன். சுகாதாரப் பரிசோதகருக்குச் சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும். உன் வீடு மூடப்படும், பிறகு கரை மூடப்படும். கும்பளா மீன் நல்லாய்ப் படுகிற நேரம். மீனிலும் கொரோனா இருக்கிறது என்று சனம் பயந்துபோய் ஏற்கெனவே விலை விழுந்திருந்தது. இதெல்லாவற்றையும் சொன்னேன். நீ 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாய். கடைசியில் என்னிடமிருந்த பெரிய சொல்லை எடுத்தேன்.

"இத்தினை வருசம் ஆமிக்காரன் மூடி வைச்சிருந்த கரை. இப்ப நீ உன்ரை வாயாலை மூடப் போறியோ?"

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"கரையிலை கிழடுகள் எத்தினை இருக்கெண்டு உனக்குத் தெரியும். அதுகளும் இந்தக் கரையைப் பாக்கத்தானே முகாமுக்குள்ளை சாகாமல் கிடந்ததுகள். கரையைக் காப்பாத்திப்போட்டு அதுகளைச் சாகக் குடுக்கச் சொல்லுறியோ?"

"வெறும் காய்ச்சலா இருந்தால்?"

"எல்லாரும் என்னைப் பேசுவினம். பேசட்டும்."

"என்ரை கடையையும் மூடுவாங்களடா. நீ வந்து நிண்டனி."

"ஓம். உன்ரை பேரைத்தான் ரெண்டாவதாச் சொல்லப் போறன்."

"முதலாவது ஆர்?"

"மனிசி. கோவியாதை."

உன்னைப் போல ஒருவனோடு என்ன செய்வது? நீ சொன்னாய். தண்ணீர் கொடுத்ததையும் மஞ்சள் வாங்கினதையும்கூட மறைக்கவில்லை. அன்று மாலையே என் கேற்றில் அறிவித்தல் ஒட்டினார்கள். என் வீட்டுக்கு முன்னால் வந்ததும் ஆட்கள் வீதியின் மற்றப் பக்கம் மாறி நடந்தார்கள். கரைக்குப் போகிற வழியில் பொலிஸ் நின்றது. படகுகள் மணலில் ஏறிவிட்டன. உங்கள் பெண்கள் காயவைத்திருந்த கருவாட்டை, அந்தக் கரைச் சரக்கு என்று சொல்லிச் சந்தையில் ஒருவரும் தொடவில்லை. நிவாரணப் பொதி பிந்தித்தான் வந்தது. அதற்குள் அரிசி, பருப்பு, சீனியோடு டின் மீன். உங்கள் மீனவர் சங்கத் தலைவர் எனக்குத் தொலைபேசி எடுத்து, "அண்ணை, உங்கடை கூட்டாளி எங்களை டின் மீன் தின்ன வைச்சிட்டார்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

உனக்குக் கொரோனா இல்லை என்று முடிவு வந்தது. எனக்கும் இல்லை, ஒருவருக்கும் இல்லை. ஆனால் மூடுவதற்கு வந்த வேகத்தில் திறப்பதற்கு உத்தரவு வரவில்லை. திறந்தபோது கும்பளா ஓய்ந்துபோயிருந்தது. உன் பக்கத்து வீட்டுக்காரன் எஞ்சினை விற்றான். அதை வாங்க ஆள் பிடித்துக் கொடுத்தவன் நான். அந்த நாட்களில் ரீவியில் பெரிய ஆட்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்து, உயிரையும் பார்க்க வேண்டும், பொருளாதாரத்தையும் பார்க்க வேண்டும் என்று கதைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அதை முடிவெடுத்தது காய்ச்சலோடு வலைக்கொட்டிலுக்குள் கிடந்த நீ. அதற்கு விலை கொடுத்தவர்களில் பாதிப்பேருக்கு உன் முடிவு பிறகுதான் தெரியும். நீ செய்தது சரி என்று எனக்குத் தெரியும். எஞ்சினை விற்றவனிடம் போய் அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

திறந்த பிறகு முதல் நாள் ஏலம். நான் கருவாட்டுக்கு மீன் எடுக்க லொறியோடு வந்திருந்தேன். கிடைத்த கொஞ்சத்தை நீ மணலில் குவித்தாய். ஏலம் கூறுகிறவர் வழமைபோல ஒரு விலை சொல்லித் தொடங்கினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. குறைத்தார். மேலும் குறைத்தார். வியாபாரிகள் கடலைப் பார்த்தார்கள், தொலைபேசியைப் பார்த்தார்கள், உன்னை மட்டும் பார்க்கவில்லை. உன் மீனுக்கு விலை கேட்க வேண்டாம் என்று சங்கம் வாயால் சொல்லிவைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். போட்டிக்கு ஆளில்லாத குவியல் முன்னால் கிடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வியாபாரிக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அடிமாட்டு விலையொன்றைக் கேட்டேன். ஏலக்காரர் "ஒருதரம்" என்றார். அப்போது உன் கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். என் விலைக்கு மேலே நானே கேட்டேன்.

"அண்ணை, உங்கடை விலைக்கு மேலை நீங்களே கேக்கிறியளோ?"

"ஓம். கேக்கப்படாதெண்டு சட்டம் இருக்கோ?"

பின்னால் நின்ற சங்கத் தலைவர், "மாத்திரை போடாமல் வந்திட்டார் போலை" என்றார். கரை முழுவதும் சிரித்தது. அன்றைய சந்தை விலை வரும்வரை என்னோடு நானே போட்டிபோட்டுக்கொண்டு போனேன். நீ கிட்ட வந்து பல்லைக் கடித்தாய்.

"பிச்சை போடுறியோ?"

"பிச்சை போடுறவன் செவுளைத் தூக்கிப் பாப்பானோ? போடா, மற்றக் கூடையைக் கொண்டுவா."

தொடர்ந்து அப்படிச் செய்ய என்னால் முடியவில்லை. நான் ஒன்றும் தருமம் செய்யக் கடை திறந்தவன் அல்ல. நல்ல மீன் என்றபடியால் மெல்ல மெல்ல மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். மீனுக்கு விலை திரும்பி வந்தது, உன்னோடு கதைக்க மட்டும் ஒருவரும் வரவில்லை. தேநீர்க் கடை வாங்கில் நீ வந்து இருந்தால் மற்றவர்கள் எழும்பிப் போவார்கள். உன் பெயரையே விட்டுவிட்டு 'கரையை மூடுவித்தவன்' என்றார்கள்.

அடுத்த வருடம் அது உண்மையாகவே வந்தது. உங்கள் கரையில் ஒவ்வொரு வீட்டிலும் கொத்தமல்லி அவிந்தது. பனடோலைப் போட்டுக்கொண்டு ஆண்கள் தொழிலுக்குப் போனார்கள், பெண்கள் மீன் வெட்டினார்கள். ஒருவரும் பி.எச்.ஐ.க்குச் சொல்லவில்லை. ஒருவனிடம் நேரே கேட்டேன். "சொல்லி அவர் கண்டது என்ன, அண்ணை?" என்றான். அவர் என்றது உன்னை. நீ யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தாயோ, அந்த வயதானவர்கள்தான் முதலில் போனார்கள்.

உனக்கும் காய்ச்சல் வந்தது. நீ திரும்பவும் சொன்னாய். படிப்பிக்கிற இடமொன்றை ஆஸ்பத்திரியாக்கி வைத்திருந்தார்களே, அங்கிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தாய்.

"முதலாளி, இந்தமுறை சோதனையிலை பாஸ்."

"விசர்க் கதை கதையாதை."

"உண்மையடா. போனமுறை பெயில் விட்டதெண்டுதானே ஊர் சிரிச்சது." ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சுக்காக நின்றாய். "கரையை மூடிப்போட்டாங்களோ?"

"இல்லை. இப்ப எல்லா இடமும் கிடக்கு. எத்தினையை மூடுவாங்கள்?"

"அப்ப தொழில் நடக்குது."

"நடக்குது."

"அது நல்லது" என்றாய். நீ என்னோடு கடைசியாகக் கதைத்தது அதுதான்.

உன்னைப் பொலித்தீனால் சுற்றிய பெட்டியில் கொண்டுபோனார்கள். தங்கச்சியை, உன் மனிசியை, வாகனத்துக்குக் கிட்ட விடவில்லை. நான் வீதிக்கு இந்தப் பக்கம் நின்றேன், அவள் அந்தப் பக்கம். சில மாதம் கழித்து வீட்டுக்குப் போனபோது அவள் தேத்தண்ணி தந்துவிட்டுக் கேட்டாள். "அண்ணை, அண்டைக்கு இவர் அந்த வெறும் காய்ச்சலைச் சொல்லாமல் விட்டிருந்தால், பேந்து உண்மையா வரேக்கை சனம் பயப்பிடாமல் சொல்லியிருக்கும், என்ன?" தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். உனக்கு நோய் யாரிடமிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியாது. அதைத் தேடிப் பிடிக்கவும் நான் போகவில்லை.

இப்போது சங்கத்துக்குத் தலைவராக இருப்பவன் போன கிழமை கடைக்கு வந்தான். மோட்டார் சைக்கிளின் எஞ்சினை நிற்பாட்டாமலே இறங்கினான்.

"அண்ணை, கரையிலை நாலைஞ்சு பேருக்குக் காய்ச்சல். என்ன காய்ச்சலெண்டு விளங்கேல்லை. வெளியிலை சொன்னால் பேப்பரிலை வரும், மீன் போகாது. ரெண்டு நாள் பாப்பமோ? நீங்கள் வியாபாரம் தெரிஞ்ச ஆள். நீங்களே சொல்லுங்கோ."

பதில் என் வாயில் வந்து நின்றது. பேசாமல் இரு, ரெண்டு நாள் பார். உனக்குச் சொன்ன அதே பதில். நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. அவன் முகத்தைப் பார்த்தேன். அதைக் கேட்கத்தான் வந்திருந்தான். சொன்னால் போய் அப்படியே செய்வான். உனக்கு எத்தனையோ புத்தி சொல்லியிருக்கிறேன், ஒன்றுக்கும் நான் பயப்பட்டதில்லை. நீ கேட்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். இவர்கள் கேட்கிறார்களடா.

"முதல்லை போய்ச் சொல்லு" என்றேன். "கரை தொழிலில்லாமல் படுத்துதெண்டால் வந்து என்னோடை சண்டை பிடி."

"சண்டை பிடிச்சு என்ன அண்ணை? அரிசி தருவியளோ?"

"தருவன்."

"எத்தினை வீட்டுக்கு? எத்தினை நாளைக்கு?"

எந்தச் சரக்குக்கும் கேட்டவுடன் விலை சொல்கிறவன் நான். அவன் மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். பிறகு, "சரி அண்ணை, பாப்பம்" என்று ஏறிப் போய்விட்டான்.

அவன் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. தினமும் காலையில் லொறி உங்கள் கரைக்குப் போய் மீனோடு திரும்பி வருகிறது. கரை திறந்துதான் கிடக்கிறது. திறந்து கிடக்கிறது என்று சாரதி சொல்லும்போதெல்லாம், அது நல்ல செய்தியா என்று விளங்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், மச்சான்.